யாரும் எடுக்காத சீட்டு

கிட்டே வாருங்கள், என் கண்ணுகளா. இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். உரக்கச் சொல்ல முடியாத ஒன்றை இன்றைக்கு உங்களுக்குச் சொல்லப் போகிறேன். கட்டிய கதை இல்லை. போன சித்திரையில், அக்னி நட்சத்திர வெயிலில், பட்டப்பகலில் எனக்கு நடந்தது. நேரம் எல்லாம் என் போனில் பதிந்திருக்கிறது. நம்பாதவர்கள் வந்தால் காட்டுவேன்.

பேய் என்றால் ராத்திரிதான் வரும் என்று நினைக்கிறீர்கள். அறுபத்தாறு வயது வரை நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இதில் ஒருத்தி பிழைத்தாள். ஒருவர் பிழைக்கவில்லை. இரண்டிலும் எனக்குப் பங்கு உண்டு. அதனால்தான் சொல்கிறேன்.

எங்கள் ஊர் காரைக்குடிக்குப் பக்கம், மானகிரி தாண்டி. இங்கே பாதி வீடுகள் பூட்டியே கிடக்கும். சொந்தக்காரர்கள் மலேசியாவில், சிங்கப்பூரில், அமெரிக்காவில். விசேஷத்துக்கு வந்து நாலு நாள் இருந்துவிட்டுப் போவார்கள். அப்படிப்பட்ட முப்பத்தாறு வீடுகளை நாங்கள் பன்னிரண்டு பேர் பார்த்துக்கொண்டோம். கரண்டு வேலை, குழாய் வேலை, ஓடு மாற்றுவது, கரையான் மருந்து அடிப்பது என்று ஆளுக்கொரு வேலை. என் வேலை சாவி. முப்பத்தாறு முன்வாசல் சாவியும் என் வீட்டுச் சுவரில் எண் போட்டுத் தொங்கும். தேனம்மை ஆச்சியிடம் கேட்டால் திறக்காத கதவில்லை என்பார்கள்.

எங்களை ஒன்றாகச் சேர்த்தவள் சௌபர்ணிகா. பெங்களூரில் கம்ப்யூட்டர் படிப்புப் படித்துவிட்டு, சொந்த வீட்டில் உட்கார்ந்தே வேலை பார்க்க வந்த பெண். ஒவ்வொரு வீட்டிலும் சாப்பாட்டு டப்பா அளவில் ஒரு பெட்டி வைத்தாள். தொட்டியில் தண்ணீர் எவ்வளவு, விளக்கு எரிகிறதா, எல்லாம் அந்தப் பெட்டிக்குத் தெரியும். எங்கள் போன்களையும் அந்தப் பெட்டிகளையும் ஒரே பலகையில் கட்டினாள். கண்ணுக்குத் தெரியாத பலகை. அதில் சீட்டு ஒட்டலாம். அதை ஒரு மொழி என்றாள் சௌபர்ணிகா.

"இது மோட்டாரை ஓட்டுற மொழி இல்ல ஆச்சி. மோட்டாருக்கு ஓடத் தெரியும். உங்களுக்குத் திறக்கத் தெரியும். தெரிஞ்சவுகளை எல்லாம் சேத்து வைக்கிற மொழி. மூணே சொல்லுதான். போடு, பாரு, எடு."

"சரி ஆத்தா, இதுல தலைவர் யாரு?"

"யாருமில்ல."

"தலைவர் இல்லாத வீட்டுல பந்திகூட நடக்காதே."

"நடக்கும். பாருங்க."

நடந்தது. தொட்டி குறைந்தால் பெட்டி ஒரு சீட்டுப் போடும். மோட்டார் அதை எடுத்துக்கொண்டு ஓடும். ஓடு ஒழுகினால் நான் ஒரு சீட்டுப் போடுவேன். முடிந்தவர் 'எடு' என்று அழுத்துவார். அழுத்தியதும் எல்லார் போனிலிருந்தும் சீட்டு மறைந்துவிடும். எடுத்தவர் அரை மணிக்குள் முடிக்காவிட்டால் சீட்டு தானாகவே பலகைக்குத் திரும்பிவரும். சீட்டின் அடியில் சின்னதாக ஒரு எண் இருக்கும். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று.

எழுதியவர் பெயர் மட்டும் இருக்காது. கேட்டேன்.

"அது எதுக்கு ஆச்சி? இன்னைக்குப் புதுசா வாரவுகளும் போடலாம். நாளைக்குப் போறவுகளும் போட்டுட்டுப் போகலாம். ஆளு போனாலும் சீட்டு நிக்கும்."

ஆளு போனாலும் சீட்டு நிக்கும்... அன்றைக்கு அதைச் சிரித்துக்கொண்டே கேட்டேன்.

எங்களில் ஒருவர் மாயக்கண்ணன். நாற்பத்தொரு வயது. கதவு, பூட்டு, கீல் எல்லாம் அவர் கை பட்டால் பேசும். பக்கத்தில் கல்லல் என்ற ஊர்க்காரர். நாங்கள் எல்லாரும் சீட்டைப் பார்த்து, யோசித்து, கண்ணாடியைத் தேடுவதற்குள் அவர் எடுத்துவிடுவார். எடுக்கும்போது வாய்விட்டு, "எடுத்தாச்சு!" என்பார். தெருவில் போகிறவர்களுக்கும் கேட்கும். டீக்கடையில், "மாயக்கண்ணா, என் கடனையும் எடுத்துக்கயேன்" என்று கேலி செய்வார்கள். அதற்கும், "எடுத்தாச்சு! கொடுக்கத்தான் மாட்டேன்" என்பார்.

எங்களுக்குள் ஒரு மரியாதை இருந்தது. சௌபர்ணிகா எழுதாத விதி. அவரவருக்கு ஒரு தெரு. ஒரு தெருவின் சீட்டை அந்தத் தெருக்காரர்தான் முதலில் எடுக்க வேண்டும். அடுத்தவர் முந்தினால், 'என் தெருவுல உனக்கென்ன சோலி' என்று மனத்தாங்கல் வரும். அதனால் பார்ப்போம்; காத்திருப்போம்.

போன சித்திரைக்கு முந்தின சித்திரையில், ஒரு மத்தியானம், ஒரு சீட்டு வந்தது.

இருபத்து மூன்றாம் வீடு. ஆள் வேண்டும்.

அவ்வளவுதான். நான் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தேன். பார்த்தேன். அது மாயக்கண்ணன் தெரு. அவர் எடுப்பார். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தூங்கிப்போனேன். சாயங்காலம் பார்த்தபோதும் சீட்டு இருந்தது. பார்த்தவர்கள் பதினொன்று. யாராவது போயிருப்பார்கள், முடித்ததும் எடுத்துவிட மறந்திருப்பார்கள் என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் கதவைத் திறந்தார்கள். பின்கட்டில் மூன்றாவது அறை. சாமான் அறை. ஜன்னல் இல்லை. அந்த வெக்கையில், உள்ளே இருந்தவர் உயிரோடு இல்லை. கரையான் இருக்கிறதா என்று பார்க்க, யாரிடமும் சொல்லாமல் பின்வாசல் வழியாக உள்ளே போயிருக்கிறார். காற்றில் கதவு சாத்தியிருக்கிறது. வெளியே இருந்த பழைய இரும்பு நாதாங்கி, கதவை மாட்டும் கொக்கி, தானாகவே விழுந்துவிட்டது. அந்தச் சுவர் கனத்துக்குப் போன் பேச முடியாது. சீட்டு மட்டும் எப்படியோ நழுவி வெளியே வந்திருக்கிறது.

அதை எழுதியவர் மாயக்கண்ணன்.

அவர் எடுப்பார், அவர் எடுப்பார் என்று பதினொரு பேரும் அவருக்காகவே காத்திருந்தோம்.

அதற்குப் பிறகு சௌபர்ணிகா மூன்று நாள் சாப்பிடவில்லை. "பேரை மறைச்சது நான்தானே ஆச்சி" என்று அழுதாள். பலகையை முழுக்கத் துடைத்துவிட்டுப் புதிதாகப் போட்டாள். பெயரைக் காட்டும் வேலை மட்டும் தள்ளிப்போனது. இருபத்து மூன்றாம் வீட்டுப் பெட்டியைக் கழற்றிவிட்டோம். அந்தத் தெரு, எங்களில் ஓட்டு வேலை பார்க்கும் செம்மலைக்குப் போனது. அந்த நாதாங்கியைக் கழற்ற வேண்டும் என்று நான்தான் ஒரு சீட்டுப் போட்டேன். அந்த வீட்டுக்குள் காலெடுத்து வைக்க யாருக்கும் மனமில்லை. பலகையைத் துடைத்தபோது அந்தச் சீட்டும் போனது. நான் மறுபடி போடவில்லை.

நாதாங்கி அப்படியே இருந்தது.

இனிமேல்தான் நான் சொல்ல வந்தது. சரியாக ஒரு வருடம் கழித்து.

மத்தியானம். வெயில் வெள்ளையாக எரிந்தது. நான் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தேன். போன் 'டிங்' என்றது.

மணி 2.17.

இருபத்து மூன்றாம் வீடு. ஆள் வேண்டும்.

எழுந்து உட்கார்ந்தேன். அந்த வீட்டில் பெட்டி இல்லை. ஆளும் இல்லை. முன்வாசல் சாவி என் சுவரில் தொங்குகிறது. அப்படியென்றால் போட்டது யார்?

பார்த்துக்கொண்டே இருந்தேன். செம்மலையின் தெருவாயிற்றே என்று அப்போதும் என் மனசு சொன்னது, கண்ணுகளா. அத்தனை பட்டும்.

2.19. சீட்டு மறைந்தது. யாரோ எடுத்துவிட்டார்கள்.

அப்பாடா என்று சாய்ந்தேன். ஆனால் கண் மூடவில்லை.

2.49. 'டிங்'. சீட்டு திரும்பி வந்தது. எடுத்தவரால் முடிக்க முடியவில்லை. நான் கண்ணாடியை மாட்டுவதற்குள் மறுபடி மறைந்தது. மறைவதற்கு முன்னால் அடியில் இருந்த எண்ணைப் பார்த்துவிட்டேன்.

பார்த்தவர்கள் 12.

நாங்கள் இப்போது பதினொரு பேர்தான்.

செம்மலையைக் கூப்பிட்டேன்.

"செம்மலை, எங்குட்டு இருக்கீக?"

"பிள்ளையார்பட்டியில வரிசையில நிக்கிறேன் ஆச்சி. காலு ரெண்டும் கொதிக்குது."

"இருபத்து மூணை நீங்க எடுத்தீகளா?"

"அந்த வீட்டையா? பிள்ளையார் மேல சத்தியமா இல்ல. அவரு முன்னாடிதான் நிக்கிறேன்."

"அப்ப யாரு எடுத்தா?"

"நான் பாத்தேன். யாரோ எடுத்துட்டாக. நல்லதாப் போச்சுன்னு விட்டேன்." குரலைத் தாழ்த்தினார். "ஆச்சி... போகாதீக."

சௌபர்ணிகாவைக் கூப்பிட்டேன். காரைக்குடியில் இருந்தாள்.

"பன்னெண்டு பேரு பாத்ததாக் காட்டுதே ஆத்தா."

"பதினொண்ணு ஆச்சி."

"பன்னெண்டு."

அந்தப் பக்கம் கம்ப்யூட்டர் தட்டும் சத்தம் கேட்டது.

"உள்ள ஒரு பதிவு இருக்கும். யாரு போட்டா, யாரு எடுத்தான்னு. பிரிச்சுப் பாக்க நேரமாகும். நீங்க தனியாப் போகாதீக. நான் வாரேன்."

காத்திருக்கலாம். அரை மணி. அவள் வந்துவிடுவாள்.

போன தடவையும் காத்திருந்தேன்.

சுவரிலிருந்து இருபத்து மூன்றாம் சாவியை எடுத்தேன். ஒரு வருடமாகத் தொடாத சாவி. இரும்பு சில்லென்று இருந்தது. அந்த வெயிலில்.

3.06. வாசலுக்கு வந்தேன். தெருவில் ஒரு காக்கை இல்லை. பூட்டு பூட்டியபடியே இருந்தது. தூசி கலையவில்லை. யாரும் இந்த வழியாகப் போகவில்லை.

திறந்தேன். முகப்பு. பிறகு வளவு, வீட்டின் உள்கட்டு. நடுவே திறந்த முற்றம். வெயில் ஒரு வெள்ளைத் துணி போலத் தரையில் கிடந்தது. சுற்றிலும் தூண்கள். நிழல்.

"யாரு உள்ள?"

என் குரல் எனக்கே திரும்பி வந்தது.

பின்கட்டிலிருந்து...

டக்.

நின்றேன்.

டக்.

இரும்பு மேல் இரும்பு விழும் சத்தம். எனக்குத் தெரியாத சத்தமா? நாற்பது வருடம் கதவுகளோடு வாழ்ந்தவள். நாதாங்கியைப் பாதி தூக்குகிறார்கள். தூக்க முடியவில்லை. விழுகிறது.

டக்.

ஐந்து எண்ணினால் ஒரு தடவை. அவசரம் இல்லை. நிறுத்தமும் இல்லை.

தூணைப் பிடித்துக்கொண்டு பின்கட்டுக்கு வந்தேன். அங்கே இன்னொரு முற்றம். அதற்கு அப்பால் வரிசையாக அறைகள். முதல் கதவு. இரண்டாவது கதவு. மூன்றாவது...

மூன்றாவது கதவில் நாதாங்கி விழுந்திருந்தது.

கதவுக்கு முன்னால் யாரும் இல்லை.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே...

நாதாங்கி அசைந்தது. ஒரு விரல்கடை உயர்ந்தது. நின்றது. நடுங்கியது.

விழுந்தது.

டக்.

என் கால் நகரவில்லை. பின்னாலும் போகவில்லை. முன்னாலும் போகவில்லை. வாயில் முருகன் பெயர்கூட வரவில்லை.

உயர்ந்தது.

விழுந்தது.

3.19. என் கையில் இருந்த போன் 'டிங்' என்றது.

இருபத்து மூன்றாம் வீடு. ஆள் வேண்டும்.

பார்த்தவர்கள் 12.

நாதாங்கி பாதியில் நின்றது. அந்தரத்தில். விழவில்லை.

காத்திருந்தது.

என்னைப் பார்த்தே காத்திருந்தது, கண்ணுகளா. அப்படித்தான் தோன்றியது.

விரலை வைத்தேன்.

எடு.

டக்.

நாதாங்கி விழுந்தது. பிறகு சத்தமே இல்லை.

அந்த அமைதிதான் என்னை நடக்க வைத்தது. எடுத்தாயிற்று. இனி அது என் வேலை. பத்தடி இருக்கும். ஓடினேன். நாதாங்கியில் கை வைத்தேன். அந்த இரும்பு சூடாக இருந்தது. இவ்வளவு நேரம் ஒருவர் கையில் இருந்தது போல.

தூக்கினேன். கதவைத் தள்ளினேன்.

தரையில் ஒரு பெண்.

இருபத்தைந்து வயது இருக்கும். சுருண்டு கிடந்தாள். உதடு நீலம். மூச்சு இழுக்க இழுக்க விசில் போல ஒரு சத்தம். அவளைக் கையைப் பிடித்து இழுத்து வெளியே போட்டேன். முற்றத்துத் தூணடியில் ஒரு பை. அவள் கை அந்தப் பையைக் காட்டியது. கொட்டினேன். மூச்சுக்கு உறிஞ்சும் மருந்து இருந்தது. வாயில் வைத்தேன். ஒன்று. இரண்டு. மூன்றாவது தடவை கண் திறந்தாள்.

அதற்குள் சௌபர்ணிகா காரோடு வந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில், "இன்னும் பத்து நிமிஷம் போயிருந்தா நீங்க வந்து பிரயோசனமில்ல" என்றார்கள்.

அந்தப் பெண் பெயர் சுபா. வீட்டை ஓட்டலாக மாற்ற நினைத்த சொந்தக்காரர், அளவெடுக்க அவளை அனுப்பியிருக்கிறார். பின்வாசல் சாவியைக் கூரியரில் நேரே அவளுக்கே அனுப்பிவிட்டார். எங்களில் யாருக்கும் தெரியாது. பதினொன்றரைக்கு அந்த அறைக்குள் போயிருக்கிறாள். கதவு சாத்திக்கொண்டது. பையும் போனும் வெளியே.

போன் வெளியே. எங்கள் பலகையிலும் அவள் இல்லை.

அன்று சாயங்காலம் 6.10-க்கு, கட்டிலில் படுத்தபடி சுபா என்னைக் கேட்டாள்.

"அந்த அண்ணன் எங்கம்மா?"

"எந்த அண்ணன்?"

"வெளிய நின்னாருல்ல. நான் கத்திக் கத்தித் தொண்டை போச்சு. அப்புறம் ஒருத்தர் வந்தாரு. கதவைத் திறக்கப் பாத்துக்கிட்டே இருந்தாரு. 'எடுத்தாச்சு, எடுத்தாச்சு'ன்னு திரும்பத் திரும்பச் சொன்னாரு." அவள் கண் நிரம்பியது. "எடுத்தாச்சுன்னா என்னம்மா? ஏன் அவரு திறக்கல?"

நான் அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன். சௌபர்ணிகா எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டாள்.

நானும் பின்னாலேயே போனேன். இருவரும் அங்கேயே தரையில் உட்கார்ந்தோம். மடியில் கம்ப்யூட்டர். பதிவைப் பிரித்துவிட்டிருந்தாள். என்னிடம் திருப்பிக் காட்டினாள்.

சீட்டு எழுதிய நேரம்: மத்தியானம் 2.17. தேதி அதேதான். வருடம் மட்டும் முந்தின வருடம்.

"நான் துடைச்சேன் ஆச்சி. என் கையால துடைச்சேன். இது இருக்கவே முடியாது."

"எடுத்தது யாரு?"

அவள் ஒரு போன் எண்ணைக் காட்டினாள். அந்த எண் என் போனிலும் இருக்கிறது. அழிக்க மனசு வரவில்லை. மாயக்கண்ணன் எண்.

கல்லலில் இருக்கும் அவர் மனைவி சத்தியப்பிரியாவைக் கூப்பிட்டேன். சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"அவரு போனு எங்க ஆத்தா இருக்கு?"

"பீரோவுல கெடக்கு ஆச்சி. அவரு சட்டைக்குள்ள சுத்தி வச்சிருக்கேன். சார்ஜு ஏத்தியே ஒரு வருசமாச்சு. ஏன் கேக்குறீக?"

"எடுத்துப் பாரேன்."

பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. துணி உரசும் சத்தம்.

"ஆச்சி..."

"சொல்லு."

"சுடுது ஆச்சி."

நான் போனை வைத்துவிட்டு சௌபர்ணிகாவைப் பார்த்தேன். அவள் இன்னும் அந்தப் பதிவையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரலால் கீழே தள்ளிக்கொண்டே போனாள். வரி மேல் வரி. முடியவே இல்லை.

"ஆச்சி, இன்னைக்கு மட்டும் இல்ல."

"என்ன இன்னைக்கு மட்டும் இல்ல?"

"எடுத்தது. அரை மணிக்கு ஒரு தடவை. திரும்பி வருது. மறுபடி எடுக்குறாரு. நமக்குத்தான் இன்னைக்கு வரைக்கும் தெரியல. போன வருசத்துலேருந்து... ராத்திரி பகலா..." அவள் குரல் உடைந்தது. "பதினேழாயிரம் தடவைக்கு மேல."

ஒரு வருடம் முழுக்க, அந்தப் பூட்டிய வீட்டில், அரை மணிக்கு ஒரு தடவை, மாயக்கண்ணன் தன் சீட்டைத் தானே எடுத்துக்கொண்டு அந்த நாதாங்கியைத் தூக்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

பதிவின் கடைசி வரியில் என் எண் இருந்தது. 3.19. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

மறுநாள் விடிந்ததும் அந்த நாதாங்கியை நானே நின்று கழற்ற வைத்தேன். சத்தியப்பிரியாவையும் கூட்டிவந்து அந்த அறை வாசலில் விளக்கு ஏற்றினோம். சீட்டில் இப்போது எழுதியவர் பெயர் வருகிறது. தெரு மரியாதை எல்லாம் போயிற்று. யார் முதலில் பார்க்கிறார்களோ அவர்களே எடுக்கிறோம்.

ஒவ்வொரு சீட்டின் அடியிலும் அந்த எண்ணை நான் இன்னும் பார்க்கிறேன். இதுவரை பதினொன்றைத் தாண்டவில்லை. அதில் எனக்கு நிம்மதியா, ஏக்கமா, சொல்லத் தெரியவில்லை.

பயந்துவிட்டீர்களா, கண்ணுகளா? சரி, எழுந்திருங்கள். வீட்டுக்குப் போங்கள். உங்கள் வீட்டுக் கதவெல்லாம் உள்ளே இருந்தும் திறக்கட்டும். உங்கள் வீட்டில் யார் எந்த அறையிலிருந்து கூப்பிட்டாலும், முதல் குரலுக்கே ஒரு உயிருள்ள கை எழுந்து வரட்டும். நீங்களும் உங்கள் பிள்ளைகளும் நூறு வயசு நல்லா இருக்கணும்.